சாஸுக்கு அரைக் கரண்டி

கிண்ணத்தில் உப்பு இருந்தது. எண்ணிக்கை முப்பத்தொன்றில் ஓடும்போது ஏகாம்பரம் அதைப் பார்த்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. வைத்த கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டே போனார், எண்ணுவதை நிறுத்த முடியாது, ஓவனுக்குள் கொடுவா மீன் போய்விட்டது, ஐந்நூற்று நாற்பது வரை எண்ணியாக வேண்டும். ஐந்நூற்று நாற்பதில் வெளியே எடுத்தால் சதை இதழ் இதழாகப் பிரியும், ஐந்நூற்று எண்பது ஆனால் பஞ்சு. அது எமிலி சொன்னது. மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும், இந்த அறுபத்தொன்பது வயதுவரை ஒரு துணுக்கு மீனை நாக்கில் வைத்தவர் இல்லை. ஆனால் எண்ணத் தெரியும். எட்டாவதோடு படிப்பு நின்று, மில்லில் முப்பத்து மூன்று வருஷம் நூல்கண்டு எண்ணியவர். பக்கத்தில் நின்று யாராவது ஊர்க்கதை பேசினாலும் எண்ணிக்கை ஒரு பக்கம் தானாக ஓடும், மனசு இன்னொரு பக்கம் போய்விட்டு வரும். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நாற்பது, நாற்பத்தொன்று, மனசு மட்டும் எங்கும் போகாமல் கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டது. உப்பு இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு அடுப்படிக்குள் வந்ததும் முதல் வேலை, பீங்கான் ஜாடியிலிருந்து அன்றைக்கு வேண்டிய உப்பைத் தலைதட்டி அளந்து இந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொள்வது. இன்றைக்கு ஐந்து கரண்டி. எறால் சூப்புக்கு ஒன்றரை, மீனுக்கு இரண்டு, உருளைக்கிழங்குக்கு ஒன்று, சாஸுக்கு அரை. ஜாடியை மூடிவிட்டால் பிறகு சமையல் முடியும்வரை அதைத் தொடுவதில்லை. ருசி பார்க்காதவருக்கு இந்தக் கிண்ணம்தான் நாக்கு. கடைசியில் அது காலியாக இருந்தால் எல்லாவற்றிலும் உப்பு விழுந்துவிட்டது, அவ்வளவுதான், சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசி அளவைக் கரண்டியால்கூட எடுப்பதில்லை, பெருவிரலை உள்ளே விட்டு ஒரு குருணை மிச்சமில்லாமல் வழித்துத் தள்ளிவிடுவார். காலியான உப்புக் கிண்ணத்தைக் கண்டால் எமிலிக்கு ஆரம்பத்தில் ஆகவில்லை, வீட்டில் உப்பு தீர்ந்து நிற்கக் கூடாது என்று நாலு வாரம் முணுமுணுத்தாள், ஜாடி நிறைய இருக்கிறதே என்று இவர் திறந்து காட்டியதும் அடங்கினாள். ஐம்பத்தாறு. கரண்டியை விட்டு மொண்டு பார்த்தார். ஏறக்குறைய அரைக் கரண்டி. நாலு குருணை கூடவோ குறையவோ. சாஸுக்கு அரை.

அப்படியானால் சாஸில் உப்பு இல்லை. இல்லையா? அடுப்பின் மேல் வெந்நீர்ச் சட்டிக்குள் சாஸ் பாத்திரம் இளஞ்சூட்டில் உட்கார்ந்திருந்தது, பழைய தந்தத்தின் நிறத்தில், மேலே ஆடை கட்டாமல், எண்ணெய் பிரியாமல், கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும் பதத்தில். இவ்வளவு சரியாக வந்த சாஸ். உப்பு போடவில்லை என்றால் இந்த அரைக் கரண்டியை இப்போதே போட்டுக் கலக்கிவிடலாம். போட்டிருந்து, மறுபடியும் போட்டால் கடல் தண்ணீர். போடாமல் இருந்து, போட்டதாக நினைத்து விட்டுவிட்டால் வெறும் வெண்ணெய். எழுபது. நிதானமாக ஆரம்பத்திலிருந்து வா என்று தன்னைத் தானே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். சின்ன வெங்காயம் பதினெட்டு. பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அவர் இடது கைக்காரர், கத்தி இடது கையில், வெங்காயத்தைப் பிடித்திருப்பது வலது கை. பதினாறாவது வெங்காயத்தில் கத்தி வலது பெருவிரலில் ஒரு கீறு கீறியது. எத்தனையோ வருஷமாகப் படாத கத்தி இன்றைக்குப் பார்த்து. ரத்தம் ஒரு பொட்டு. துண்டில் அழுத்திப் பிடித்து நூறு எண்ணினார், நின்றுவிட்டது. அப்புறம் வெங்காயம், வெள்ளை வைன், இரண்டு கரண்டி மீன் சாறு, ஒரு மூடி வினிகர், மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை. இரண்டு கரண்டி கிரீம். அப்புறம் வெண்ணெய், உப்பில்லாத வெண்ணெய், பதினாறு துண்டு, ஒன்று முழுக்கக் கரைந்த பிறகுதான் அடுத்தது, அவசரப்பட்டால் திரிந்துவிடும். ஒன்று, இரண்டு, ஒவ்வொன்றும் கரைந்தது ஞாபகம் இருக்கிறது, ஒன்பதாவது துண்டு சுவரில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்ததுகூட. பதினாறாவது கரைந்தது. அதற்கப்புறம் உப்பு. அதற்கப்புறம் வாசல் மணி. பதினாறாவது துண்டு தெரிகிறது, வாசல் மணி கேட்கிறது, நடுவில் என்ன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். காலையில் கூடுதலாக அளந்துவிட்டேனா? இல்லை, விரல் மடக்கித்தான் அளந்தேன். உருளைக்கிழங்குக்கு அரைதான் போட்டேனா? இல்லை, அது தலைதட்டி ஒன்று, தண்ணீர் பொங்கியதில் அடுப்பே சீறியது. நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு. மறுபடி பதினாறாவது துண்டு. மறுபடி மணி.

மணி அடித்ததும் போய்க் கதவைத் திறந்தார். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறந்தால் தேவலை. வாசலில் கஸ்பார் நின்றிருந்தார், எமிலியின் அண்ணன், எழுபத்து நாலு வயது, தும்பைப்பூ மாதிரித் தலை, பின்னால் அவர் மனைவி செசில் கையில் ஒரு பையோடு. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம் கழித்து இப்போதுதான் இந்த வீட்டு வாசலை மிதிக்கிறார். ஏகாம்பரம் கும்பிடத்தான் கையைத் தூக்கினார், அவரோ வெள்ளைக்காரர் மாதிரி வலது கையை நீட்டிவிட்டார், கும்பிட்ட கையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிடித்த கையை விடாமல் கஸ்பார் அதைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: “என்ன மச்சான், கை இப்படி ஈரமா இருக்கு? நாப்பத்தோரு வருஷம் ஆகியும் என்னைக் கண்டா வேர்க்குதா?” செசில் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இவருக்கு ஒரு பதிலும் வரவில்லை. எப்போதுதான் வந்தது? எமிலியைக் கட்டிக்கொள்கிறேன் என்று குருசுக்குப்பத்தில் அவள் பிறந்த வீட்டில் போய் நின்ற அன்றைக்கும் இதே கஸ்பார்தான், அப்போது கருகருவென்று மீசை, நாலு பேருக்கு முன்னால் கேட்டார், “மீன் வாசனை அடிச்சாலே மூக்கைப் பொத்திக்கிற ஆளு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னத்தைப் போட்டு வளர்ப்பே? கீரைத்தண்டா?” இவர் வீட்டில் அம்மா ஒரு வாரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவளை நான் மகளா வெச்சுக்கறேன்டா. அவ எதை வேணா சமைக்கட்டும், எதை வேணா தின்னட்டும். நீ மட்டும் வாயில வெக்காத,” என்றாள். வைக்கவில்லை. அம்மா போய் இருபத்தாறு வருஷம், இன்னும் வைக்கவில்லை. கஸ்பார் கல்யாணத்துக்கு வரவில்லை, பிரான்சுக்குப் போனார், லீவில் வரும்போதெல்லாம் குருசுக்குப்பத்தில் தங்கினார், எமிலிதான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், வரும்போது ஒன்றும் பேச மாட்டாள். போன மாசம் போனில் தானாகவே கேட்டார், “உன் வீட்டுல ஒரு நாள் சாப்பிடட்டுமா எமி?” எமிலி போனைக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு, “வா அண்ணே, அவர்தான் சமைப்பாரு,” என்றாள். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. நூற்று அறுபது. அது போகட்டும். கை ஏன் ஈரமாக இருந்தது? தோளில் துண்டு கிடந்தது. துடைக்காத கையோடு அடுப்படியை விட்டு வெளியே போகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, எமிலிகூடக் கேலி செய்வாள், எத்தனை தரம்தான் துடைப்பீங்க என்று. இன்றைக்குப் பார்த்து ஈரக் கையை நீட்டியிருக்கிறார். நிஜமாகவே வேர்த்துவிட்டதோ? பயந்துதான் போனேனோ? சீ.

அந்த ஈரக் கையை வைத்துக்கொண்டு எப்படியோ பத்து நிமிஷம் அவர்களோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விமானம் தாமதமான கதையைக் கஸ்பார் சொன்னார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டி சூட்டில் உருகிவிடும் என்று செசில் எழுந்து உள்ளே போய் பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் இவர் எழுந்து வந்து சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மீனை ஓவனில் வைத்து, ஒன்று என்று ஆரம்பித்தார். இப்போது நூற்று எண்பத்தெட்டு. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை. மூன்று கரண்டிகளின் சத்தம் கேட்டது. எமிலியின் கரண்டி தட்டில் படாது. செசிலுடையது படபடவென்று போகும். நடுவில் நின்று நின்று ஒலிக்கிறதே, அது கஸ்பார். எறால் ஓட்டையும் தலையையும் வறுத்து, இடித்து, இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டிய சூப். நின்று நின்று குடிக்கிறாரே, பிடித்திருக்கிறதா, குற்றம் தேடுகிறாரா? “எமி, நிஜத்தைச் சொல்லு. இது உன் கைதானே?” என்றது கஸ்பாரின் குரல். “என் கை கரண்டி பிடிச்சு ஆறு வருஷம் ஆச்சு அண்ணே. இடுப்பு ஒடிஞ்சதிலேர்ந்து எல்லாம் அவர்தான்.” “பக்கத்துல உக்காந்து உப்பு உறைப்பு பார்த்துக் குடுத்திருப்பே.” “நல்லா பார்த்தேன் போ. இந்த வாக்கரைத் தள்ளிக்கிட்டு நான் அடுப்படிக்குப் போறதுக்குள்ள சூப்பு ஆறிப் போயிடும்.” “அப்ப யாருதான் ருசி பார்க்கறது?” என்றாள் செசில். “யாரும் பார்க்கறதில்ல அண்ணி. பார்த்ததே கிடையாது.” கஸ்பார் மேசையில் தட்டிச் சிரித்தார். “கண்ணைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டறாருன்னு சொல்லு! சரி, சூப்பு தப்பிச்சிருச்சு. ஓடு கொதிச்சா ருசி தானா எறங்கும். சாஸுல தெரிஞ்சிடும் வண்டவாளம். எங்க ஊர்ல பெரிய பெரிய ஓட்டல்காரன்கூட சாஸை நாலு தரம் நக்கிப் பார்த்துட்டுத்தான் தட்டுல விடுவான்.” “விடட்டும். இவர் விட்ட சாஸுக்கு நான் ஒரு நாளும் உப்பு கேட்டதில்ல.” ஏகாம்பரம் திரைச்சீலையைப் பார்த்தபடி நின்றார். பொய். நாலு தடவை கேட்டிருக்கிறாள். எல்லாம் முதல் வருஷம், சமையல் நோட்டில் தேதியோடு இருக்கிறது. அந்த நாலையும் அண்ணனுக்கு முன்னால் ஒரே மூச்சில் அழித்துவிட்டாள். இருநூற்று நாற்பது. இனி சாஸில் உப்பு தப்பினால் தப்புவது சாஸ் மட்டும் இல்லை. தன்னை வேர்த்துப்போன கையோடு உட்காரவைத்து என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், சொன்னால் தாங்கிக்கொள்ளலாம், பழக்கம்தான். அவள் சொன்னது பொய்யாகும். கீரைத்தண்டு என்றாரே, அது மெய்யாகும். நாற்பத்தோரு வருஷம் நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணே என்று அவள் சொல்லிச் சொல்லி வந்ததெல்லாம் ஒரு வாய் சாஸில் கரைந்து போகும்.

தப்பாது. ஏன் தப்ப வேண்டும்? முந்நூற்றுப் பன்னிரண்டு ஞாயிறு தப்பாதது, சரி, நாலைக் கழித்துவிட்டால் முந்நூற்று எட்டு. எமிலி பிரெஞ்சு வாத்தியார் வீடு ஒன்றில் பத்தொன்பது வருஷம் சமைத்தவள். அங்கே வாரமெல்லாம் சமைத்ததை ஞாயிற்றுக்கிழமை தனக்காக வீட்டில் சமைத்துக்கொள்வாள், இவர் அப்போது மேசைக்கு இந்தப் பக்கம் தயிர்ச் சோற்றோடு உட்கார்ந்திருப்பார், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து நாலு மாசம் கட்டிலில் கிடந்தபோது இவர் வைத்த கஞ்சியும் ரசமும் அவளுக்கு இறங்கவில்லை. எலும்பு தெரிய ஆரம்பித்தது. மெலிந்த அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கீரைத்தண்டு என்ற சொல் காதில் விழுந்தது. ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனார். நெற்றியில் திருநீறு. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, கண்ணை அழுத்தச் சொல்லி, எப்போது பிடித்தது, எந்தப் படகு என்றெல்லாம் கேட்டதில், மீன்காரி தனபாக்கியம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “சாமி, திங்கவே தெரியாத வாய்க்கு இத்தனை கேள்வியா? திங்கறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டானே!” இன்றைக்கு அவளே நல்ல கொடுவா வந்தால் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, இது சாமிக்கு என்று ஒதுக்கி வைக்கிறாள். கட்டிலில் படுத்தபடி எமிலி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார். அவள் ஒரு கை வெண்ணெய் என்பாள், யார் கை என்று இவர் கேட்பார். சர்க்கரை பொன்னிறம் வரணும் என்பாள், எந்தப் பொன், பழசா புதுசா என்பார். “ஐயோ, இந்த மனுஷனுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு நானே எழுந்து போயிடலாம்,” என்று தலையணையில் தலையை மோதிக்கொள்வாள். கடைசியில் கராமெலின் நிறத்தை இவரே கண்டுபிடித்தார், வறுத்த புளியங்கொட்டையை உடைத்தால் உள்தோலில் இருக்குமே, அது. நூற்றுத் தொண்ணூறு எண்ணினால் வரும், அடுப்பு நடுத்தீயில் இருந்தால். ஏழு ஞாயிறு சாஸ் திரிந்தது. எட்டாவது ஞாயிறு எமிலி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துத் துடைத்துத் தின்றாள், தட்டு கழுவினது போல ஆயிற்று. அன்றைக்கு நோட்டில் தேதி போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார், அவருக்கு வேறு எழுதத் தெரியவில்லை. எண்ணெயில் விழுந்த மீன் அழும் சத்தம் எப்போது பேசுகிற சத்தமாக மாறும் என்று அவருக்குத் தெரியும். வைனில் புளிப்பு அடங்கிவிட்டதை மூக்கு சொல்லும். முட்டைப்பால் ஓரம் கட்டி நடு மட்டும் நடுங்கினால் இறக்கிவிட வேண்டும் என்று கண் சொல்லும். வாய் ஒன்றைத் தவிர உடம்பு முழுக்கச் சமைத்தது. நாக்கு இருப்பவன் நாலு தரம் நக்கிப் பார்த்துத்தான் சாஸை விடுகிறான். நான் ஒரு தரமும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இதைக் கஸ்பாரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வராது. முந்நூற்றுத் தொண்ணூறு.

ஆனால் உப்புக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, சத்தம் இல்லை. உடம்பு முழுக்கத் தேடினாலும் அதற்கு வாய் ஒன்றுதான் கதி. நானூறு. எமிலியைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுக்கலாம். எமிலி, கொஞ்சம் இதைப் பாரு. அவ்வளவுதான், அந்தக் குரல் திரைச்சீலையைத் தாண்டும்போதே கஸ்பார் மேசையைத் தட்டிவிடுவார். உப்புக் கிண்ணத்தை மேசையிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம், வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஐந்து வருஷமாக அவர் மேசைக்கு உப்பு போனதில்லை, போனால் அது தோற்றதற்குக் கொடி கட்டியது மாதிரி. பாதி போடலாமா, கால் கரண்டி? இருந்தால் கொஞ்சம் கரிக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் சப்பென்றிருக்கும். இரண்டும் சரியில்லாத ஒன்றைத் தெரிந்தே தட்டில் விடுவதா? முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கண்டைக்கூட ஏறக்குறைய என்று எண்ணியவன் இல்லை. நானூற்று நாற்பது. அப்படியானால் பார்த்துவிடு. ஒரே ஒரு சொட்டு. இதில் மீன்கூட இல்லை, வெண்ணெய், வெங்காயம், வைன், ஆனால் வைனோடு இரண்டு கரண்டி மீன் சாறும் சேர்ந்துதான் சுண்டியது, அவர் கையால் ஊற்றியது, அம்மாவிடம் போய் மீனில்லை என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? எமிலியின் சொல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் சொல் எங்கே இருக்கிறது? என் வாயில் இருக்கிறது, வேறு எங்கே. நானூற்று எழுபது. இடது கையில் கரண்டியை எடுத்தார். சாஸில் முக்கித் தூக்கினார். சொட்டு கீழே விழாமல் இருக்க வலது கையை அடியில் ஏந்திக்கொண்டு மெல்ல முகத்தருகே கொண்டுவந்தார். வெண்ணெயின் சூடு மேல் உதட்டில் பட்டது. உதடு தானாகப் பிரிந்தது. நானூற்று எழுபத்தெட்டு. ஏந்திய கையின் பெருவிரல் கண்ணுக்கு நேரே இருந்தது. நகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கீறல். ஓரமெல்லாம் வெளுத்துச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி. தண்ணீரில் எப்போது ஊறியது? கீறியதும் துண்டில்தானே அழுத்தினேன், தண்ணீர் காட்டவில்லையே. சுரீர். ஆமாம், சுரீர் என்றது. உள்ளங்கால்வரை ஒரு எரிச்சல். கிண்ணம் இடது கையில், பெருவிரல் அதன் அடியில், சுற்றி ஒரு வழி வழித்து சாஸில் தள்ளிய அதே நொடியில் கீறலுக்குள் உப்பு போய் விரல் பற்றி எரிந்தது, குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டிருக்கும்போது மணி அடித்தது. எரிகிற விரலைத் துண்டில் தேய்க்க மனசு வராமல் அப்படியே போய்க் கதவைத் திறந்தார். கை வேர்க்கவில்லை. வேர்க்கவே இல்லை. கழுவின கை அது. அந்த மனுஷன் புரட்டிப் பார்த்துக் கேலி செய்தாரே, அந்த ஈரம்தான் சாட்சி. உப்பை வழிக்காமல் விரல் எரிந்திருக்காது, விரல் எரியாமல் கை நனைந்திருக்காது, சாஸுக்கு அரை போனாயிற்று. கரண்டியைப் பாத்திரத்தில் திரும்ப விடாமல் கழுவுதொட்டியில் போட்டார். ஐந்நூற்றுப் பத்து. அப்படியானால் கிண்ணத்தில் இருக்கிற இந்த உப்பு எங்கிருந்து வந்தது? தெரியவில்லை. இன்னொரு முறை பார்த்தார், வெள்ளையாக, அரைக் கரண்டி அளவுக்கு, ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது. நான் அளக்காத உப்பு என் கணக்கில் வராது. கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்திவிட்டு ஓவன் கதவில் கையை வைத்துக்கொண்டார். ஐந்நூற்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

மூன்று தட்டுகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரைச்சீலையோரம் நின்றார். கஸ்பார் முள்கரண்டியால் மீனைத் தொட்டதும் அது இதழாகப் பிரிந்து விழுந்தது, அதை சாஸில் புரட்டி வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது. மேசையின் மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஏகாம்பரம் தன்னை அறியாமல் அதன் சுற்றை எண்ண ஆரம்பித்திருந்தார். கஸ்பார் நிமிரவில்லை. அடுத்த வாய். அதற்கடுத்தது. ரொட்டியைப் பிய்த்து சாஸைத் துடைத்தார், தட்டின் ஓரத்தில் தெறித்திருந்த ஒரு பொட்டையும் விடவில்லை. பிறகு தட்டை முன்னால் தள்ளி, யாரையும் பார்க்காமல், “இன்னொரு துண்டு இருக்கா?” என்றார். நாலு துண்டு வைத்திருந்தார் ஏகாம்பரம். நாலாவது யாருக்கு என்று காலையில் எமிலி கேட்டபோது சும்மா இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அதைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் செசில் சொன்னாள், “அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பாலாடைக்கட்டி வைக்க உள்ள வந்தேனா, உப்புக் கிண்ணம் தொடைச்சு வெச்ச மாதிரி காலியா இருந்தது. நல்ல நாளும் அதுவுமா உப்பில்லாம இருக்கக் கூடாதேன்னு ஜாடியிலேர்ந்து கொஞ்சம் அள்ளி நான்தான் போட்டு வெச்சேன். பாரீசுல எங்க வீட்டுலயும் நான் காலியா விட மாட்டேன்.” எமிலியின் முள்கரண்டி தட்டில் பட்டு ஒலித்தது. அது படுவதில்லை. வீட்டில் அந்தக் கிண்ணத்தின் கணக்கு தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். “என்னங்க,” என்றாள், முகம் வெளுத்து, “அது மிச்சம்னு நெனச்சு சாஸுல எடுத்துப் போடலையா நீங்க?” “இல்ல,” என்றார் ஏகாம்பரம். “எப்படி...” “போடல எமிலி. முன்னாடியே போட்டாச்சு.” அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்தது, பிறகு ஒன்றும் நடக்காதது போல அண்ணிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கடைசியாக, முட்டைப்பாலில் வேகவைத்த இனிப்பான கிரெம் கராமெல் அச்சைக் கவிழ்த்துத் தட்டினார், எட்டு வரை எண்ணி அச்சைத் தூக்கினார், அது ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது, தலையிலிருந்து பழுப்புப் பாகு நாலு பக்கமும் இறங்கியது. செசில் கைதட்டினாள். அதிலும் முட்டை, அதையும் அவர் தின்றதில்லை. கஸ்பார் இரண்டு முறை வாங்கிக்கொண்டு, “மச்சான், இதுக்கும் ருசி பார்க்கல?” என்றார். “இல்ல மச்சான்.” “ஒரு சொட்டுகூட?” “ஒரு சொட்டுகூட.” நக்கல் செய்யத்தான் அவர் வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, கராமெலை எடுத்து அதில் போட்டு மூடிக்கொண்டார். எமிலி விடவில்லை, உள்ளே நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவீங்க, இன்னைக்கு இங்கேயே உக்காருங்க என்று கஸ்பாருக்கு எதிர் நாற்காலியைக் காட்டினாள். ஏகாம்பரம் தன் தட்டையும் தயிர்ச் சோற்றையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிட மட்டும் சின்ன வயசிலேயே அடித்துப் பழக்கிய வலது கை. முதல் வாயை எடுத்து வைத்தார். உப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்குக் கால் கரண்டி தனியாக அளந்து வைப்பார், இன்றைக்கு இருந்த படபடப்பில் அவர்களுடைய ஐந்தோடு நிறுத்திவிட்டார். அப்படியே விழுங்கிவிட்டு இரண்டாவது வாய்க்குக் கையை வைத்தார். கஸ்பார் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன மச்சான்?” “ஒண்ணுமில்ல.” “மூஞ்சி சொல்லுதே. உப்பில்லையா?” ஏகாம்பரம் சோற்றைத் தட்டின் நடுவுக்கு ஒதுக்கினார். கஸ்பார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. “ஊருக்கெல்லாம் தப்பாம போட்டவரு தன் சோத்துல கோட்டை விட்டுட்டாரு!” சிரித்துக்கொண்டே எழுந்து திரைச்சீலையை விலக்கி அடுப்படிக்குள் போனார், நாற்பத்தோரு வருஷத்தில் முதல் முறை, எதையோ தட்டி உருட்டினார், அந்த எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தார். இவர் போதும் போதும் என்பதற்குள் இருந்ததில் பாதியைச் சோற்றின் மேலும் பாதியைத் தட்டோரத்திலுமாகக் கவிழ்த்து, கிண்ணத்தின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். “ஐயோ, மறுபடி காலியா,” என்று செசில் எழுந்திருக்கப் போனாள். “உக்காருங்க அண்ணி,” என்று எமிலி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். ஏகாம்பரம் குனிந்து, தட்டோரத்து உப்பை விலக்கிவிட்டு, சோற்றைப் பிசைந்தார். பெருவிரல் சுரீரென்றது. “வாயில வெச்சுப் பாரு மச்சான், சரியா இருக்கான்னு,” என்றார் கஸ்பார். ஏகாம்பரம் வாயில் வைக்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்து, “சரியா இருக்கு,” என்றார்.